ஸ்பெல்லிங் பீ: ஒரு திணை ஆராய்ச்சி

பாயிரம்

அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்கும் வட்டார ஸ்பெல்லிங் பீ என்னும் எழுத்துக்கூட்டுப் போட்டியை அகத்திணை நோக்கில் ஆராய்ந்த முதல் நூல் இதுவே என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. முன்னமே யாரும் எழுதியிருந்தால் தெரிவிக்கலாம். மறுப்புரை எழுத நேரம் நிறைய இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்று, மகள் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் வந்து, பனியில் வெளியே தலைகாட்ட முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு ஆராய்ச்சியை விட்டால் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் பாத்திரம் அடுக்குவதுதான் வேலை. அதையும் நான் தப்பாக அடுக்குகிறேன் என்று மகள் சொல்லிவிட்டாள்.

ஆய்வுக்களம், ஒரு நூலகக் கூடம். காலம், ஒரு சனிக்கிழமைக் காலை. தரவு, என் பேத்தி. வயது 11, கழுத்தில் தொங்கிய அட்டையின்படி எண் 17. ஆய்வு முறை, கடைசிக்கு முந்தின வரிசையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருத்தல். இம்முறை எத்துணைக் கடினம் என்பது பின்னர் விளங்கும்.

பெயர்க்காரணம் முதலில். பீ என்றது தேனீயை என்பாரும் உளர். கூடத்து வாசலில் ஒட்டியிருந்த மஞ்சள் காகிதத் தேனீக்கள் அவர்கள் கட்சிக்கு அரண். அது பொருந்தாது. அமெரிக்கக் கிராமங்களில் ஊர் கூடி ஒரு வீட்டுக்காகச் செய்யும் வேலைக்குப் பீ என்று பெயர். ஒட்டுப்போர்வை தைக்கக் கூடினால் குவில்ட்டிங் பீ, சோளக்கதிரில் தோகை உரிக்கக் கூடினால் ஹஸ்கிங் பீ. அண்டை அயலார் கைகொடுத்து உதவுவதைக் குறித்த பழைய ஆங்கில வழக்குச்சொல் ஒன்றின் திரிபாக இருக்கலாம் என்பர் அகராதிக்காரர். ஸ்பெல்லிங் பீ என்ற தொடர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறியது. நம் பக்கம் நடவுக்கு உன் வயலில் நான், என் வயலில் நீ என்று கைமாற்றாக இறங்குவோமே, கிட்டத்தட்ட அதுதான். நடவு முடிந்தால் வயல் பச்சையாகிறது. தோகை உரித்தால் சோளம் குவிகிறது. எழுத்துக் கூட்டுவதற்கு ஊரைக் கூட்டினால் என்ன விளைகிறது என்பதே ஆராய்ச்சிக்கு உரிய வினா.

முதற்பொருள்

நிலம்: பள்ளிச் சாப்பாட்டுக் கூடம், நூலகம், சில ஊர்களில் கல்லூரி அரங்கம். மடக்கு நாற்காலி உள்ள இடமெல்லாம் இத்திணைக்கு நிலமே. பெரும்பொழுது பின்பனி. சிறுபொழுது காலை, ஆனால் நண்பகலுக்கும் நீளும் என்பதைக் கான்சஸ் சிட்டிக்காரர்கள் நன்கு அறிவர். அதைப் பிறகு சொல்கிறேன்.

கருப்பொருள்

தெய்வம், அகராதி. மெரியம் வெப்ஸ்டரின் சுருக்கப்படாத பேரகராதிதான் கடைசித் தீர்ப்பு. அதில் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். இந்தத் தெய்வத்தின் மூலவர் நோவா வெப்ஸ்டர். 1783இல் அவர் வெளியிட்ட எழுத்துக்கூட்டுப் பாடநூலை நீல அட்டைப் புத்தகம் என்றே தலைமுறை தலைமுறையாக அழைத்தார்கள். 1828இல் பேரகராதி போட்டார். 'கலர்' என்ற சொல்லிலிருந்து யூவைப் பிடுங்கி எறிந்து, இங்கிலாந்துக்காரனிடமிருந்து அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு எழுத்தை மிச்சப்படுத்தியவர். கலரில் மிச்சம் பிடித்தவர் மற்றச் சொற்களில் ஊமை எழுத்துகளை ஏன் அப்படியே விட்டுவைத்தார் என்று கேட்கலாம். எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தால் இந்தப் போட்டியே இல்லை.

உணவு, அட்டைப்பெட்டியில் வரும் டோனட். பறை, மணி. பழைய லாட்ஜ் வரவேற்பு மேஜையில் உள்ளங்கையால் தட்டுவோமே, அந்தச் சாண் அகலம்கூட இல்லாத மணி. சரியாகச் சொன்ன பிள்ளைக்கு அது ஒலிக்காது. தவறினால் மட்டுமே ஒலிக்கும். உலகத்தில் மற்ற மணிகளெல்லாம் வா என்று அழைக்க, இது ஒன்றுதான் போ என்கிறது.

மக்கள் மூவகையர். சொல்லை உரைப்பவர், நடுவர், பிள்ளைகள். உரைப்பவரே இத்திணையின் பாணர். தேசியப் போட்டியில் 2003 முதல் சொல் உரைத்து வருபவர் ழாக் பெய்லி. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் லத்தீனும் கற்பிப்பவர். 1980இல் அதே மேடையில் தாமே வென்றவர். அவர் வென்ற சொல் எலூக்யுபிரேட். இராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு பாடுபட்டு எழுதுதல் என்று பொருள். இந்தக் கட்டுரை எழுதப்பட்ட விதத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதை எண்ணி வியந்தேன்.

பிள்ளைகள் எட்டாம் வகுப்புவரை. கீழ் வரம்பு இல்லாததால் ஏழு வயதுச் சிறுமிக்குப் பின்னாலேயே அவளைப்போல் ஒன்றரை மடங்கு உயரமான பையன் வருவான். ஒவ்வொருவருக்கும் மைக்கின் கழுத்தை இறக்கி ஏற்றுவதில் போகும் நேரத்தை நான் கணக்கெடுக்கத் தொடங்கி, மகள் முறைத்ததால் கைவிட்டேன்.

இவர்கள் இங்கே வந்த வழி: வகுப்பில் ஒரு போட்டி, பள்ளியில் ஒரு போட்டி, அப்புறம் வட்டாரம். பள்ளி அளவில் படிக்க 450 சொற்கள். அதைத் தாண்டினால் ஒன்று, இரண்டு, மூன்று தேனீ எனத் தரம் பிரித்த 4,000 சொற்கள். வட்டாரத்தில் அந்தப் பட்டியல் தீர்ந்துபோனால், பட்டியலில் இல்லாதது எதுவும் வரலாம். செய்தித்தாளோ நூலகமோ கல்லூரியோ பொறுப்பேற்று நடத்தும். வென்ற பிள்ளையை மே மாதக் கடைசியில் தலைநகர் வாஷிங்டன் பக்கம் நடக்கும் தேசியப் போட்டிக்கு அனுப்பும். ஆரம்பத்திலிருந்தே இது செய்தித்தாள்காரர்கள் வேலைதான். 1925இல் லூயிவில் நகரத்துப் பத்திரிகை ஒன்று முன்நின்று, ஒன்பது பத்திரிகைகள் அனுப்பிய ஒன்பது பிள்ளைகளை வாஷிங்டனில் மேடையேற்றியது. வென்றவர் ஃப்ராங்க் நியூஹௌசர், 11 வயது. சொல் கிளாடியோலஸ், பரிசு 500 டாலர் பொற்காசு. வீட்டில் அந்தப் பூச்செடியை வளர்த்தவராம் அந்தப் பையன். செடி வளர்த்து எழுத்து கற்றவர் இத்திணையில் அவர் ஒருவரே போலும். பிறகு வந்தவர்கள் எழுத்து கற்றுச் செடியை அறிந்தார்கள். 2021இல் ஸைலா அவந்த்-கார்ட் என்ற 14 வயதுப் பெண் வென்ற சொல் முராயா. அது ஒரு தாவரப் பேரினம். கறிவேப்பிலையைத் தாவரவியலார் நெடுங்காலம் அதில்தான் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த அனைவர் வயிற்றிலும் அன்று காலை அது இருந்தது. வாயில் மட்டும் வரவில்லை.

இடைப்பிறவரல்: தமிழில் நடத்தினால் என்ன

என்னிடம் பலர் கேட்டது. எங்கள் வகுப்பில் இதற்குச் சொல்வதெழுதல் என்று பெயர். மணி கிடையாது; தப்பான ஒவ்வொரு சொல்லுக்கும் பத்துத் தடவை எழுதவேண்டும். தமிழில் கேட்டபடி எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சின்ன ர பெரிய ற, ரெண்டு சுழி மூணு சுழி, ல ள ழ ஆகிய இடங்களில்தான் பிள்ளைகள் வழுக்குவார்கள். அப்புறம் ஒற்று மிகும் இடம். அங்கே ஆசிரியர்களும் வழுக்குவார்கள்.

ஆகவே போட்டி நடத்தலாம். ஆனால் முடிக்க முடியாது. என்னை? உரைப்பவர் 'கருப்பு' என்பார். பிள்ளை சின்ன ர போடும். ஒரு நடுவர் மணியைத் தட்ட, இன்னொரு நடுவர் அவர் கையைப் பிடிப்பார். கறுப்பா கருப்பா என்பதற்கு இரு கட்சியிலும் பெரும்புலவர்கள் உண்டு. 'சுவரில்' என்ற பிள்ளை தேறும்; 'சுவற்றில்' என்ற பிள்ளையின் தகப்பனார் நாளிதழ்க் கட்டிங்கோடு மேடையேறுவார். மாலைக்குள் கூடம் இரண்டு தமிழ்ச் சங்கமாகப் பிரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் இந்தத் தகராறு இல்லையா எனின், உண்டு. 2013இல் அரவிந்த் மகாங்காளி என்ற பையன் வென்ற சொல் க்னேய்டெல். யூதர்கள் சூப்பில் போடும் உருண்டை. அவன் அகராதியில் உள்ளபடியே சொன்னான். மறுநாளே இத்திஷ் மொழி அறிந்தவர்கள், எங்கள் முறைப்படி எழுத்து அதுவல்ல என்று கிளம்பினார்கள். கோப்பை அவனிடமே இருந்தது. தெய்வம் ஒன்று என்று முதலிலேயே முடிவு செய்துகொண்ட சமயத்துக்குத்தான் அந்த வசதி.

உரிப்பொருள்

ஆய்வின் உயிர்நிலை இது. ஸ்பெல்லிங் பீ எத்திணைக்கு உரியது? இரங்கல் நிகழ்தலின் நெய்தல் என்பது ஒரு கட்சி. மணி அடித்ததும் பிள்ளை தாயை நோக்கி நடக்கும் அந்தப் பதினைந்தடி தூரத்தைக் கண்டோர் பாலை என்பர். வீடு திரும்பும் காரில் கணவனும் மனைவியும், அந்தச் சொல்லை நீதானே சொல்லிக்கொடுப்பதாக இருந்தது என்று தொடங்குவதைக் காட்டி மருதம் என்பாரும் உளர். மூன்றும் பொருந்தா. இது முல்லை. இருத்தலும் இருத்தல் நிமித்தமுமே இங்கு நிகழ்வன.

கணக்குப் பாருங்கள். ஒரு சுற்றில் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு சொல். மேடையில் முப்பது பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளை ஒரு நிமிடம் பேசி, மற்ற நேரமெல்லாம் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பேசும் அந்த ஒரு நிமிடத்திலும் காத்திருப்பதற்கே சட்டம் வழி செய்து வைத்திருக்கிறது. சொல்லை மறுபடி சொல்லுங்கள் எனலாம். பொருள் கேட்கலாம். பெயரா வினையா எனலாம். ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லச் சொல்லலாம். எம்மொழியிலிருந்து வந்தது எனலாம். வேறு உச்சரிப்பு உண்டா எனலாம். தேறிய பிள்ளைகள், இன்ன பொருளுள்ள இன்ன கிரேக்க வேர் இதில் இருக்கிறதா என்றுகூடக் கேட்கிறார்கள்.

இக்கேள்விகள் விடை அறியக் கேட்கப்படுவன என்று விதிப்புத்தகம் கருதுகிறது. என் கள ஆய்வு அதை மறுக்கிறது. எண் 4 ஆகிய பையனுக்கு 'அம்ப்ரெல்லா' வந்தது. அவன் பொருள் கேட்டான். கூடம் சிரித்தது. மொழி கேட்டான், இத்தாலிய வழி என்றார்கள். வாக்கியம் கேட்டான். யாரோ மழையில் குடையை மறந்தார்கள். அத்தனையையும் நீதிபதிபோல் கேட்டுத் தலையாட்டிவிட்டு, முதலிலிருந்தே தெரிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக இறக்கினான். குடை என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாதா? அவனுக்கு வேண்டியது நேரம். கல்யாண வீட்டில் பெயர் மறந்துபோன உறவினரிடம் ஊரில் மழையா, தம்பி என்ன பண்றான் என்று கேட்டுக்கொண்டே பெயரைத் தேடுவோமே, அந்தக் கலையை அமெரிக்கர் சட்டமாக்கி எழுதி வைத்திருக்கிறார்கள்.

பாதியில் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கலாம். ஆனால் வாயை விட்டுப் போன எழுத்தை மாற்றக்கூடாது. அது வில்லை விட்ட அம்பு. அதனால் பிள்ளைகள் விரலால் உள்ளங்கையில் எழுதிப் பார்க்கிறார்கள். சிலர் அட்டையின் முதுகில். ஒருத்தி காற்றில் தட்டச்சு அடித்தாள்.

ஒரு சுற்றில் எல்லோரும் தவறினால் எல்லோரும் திரும்பி வரலாம் என்பது விதி. ஊழிக்குப் பின் மறுபடைப்பு. இறுதியில் இருவர் நின்று, ஒருவர் தவறி மற்றவர் சரியாகச் சொன்னாலும் உடனே பட்டம் இல்லை. அவர் இன்னொரு சொல்லையும் சொல்லவேண்டும். அதில் தவறினால் இருவரும் மறுபடி. வட்டாரப் போட்டி சில சமயம் முடியாமல் போவது இதனால்தான்.

2014 பிப்ரவரியில் மிசௌரி மாநிலத்துக் கான்சஸ் சிட்டியில், ஜாக்சன் கவுன்ட்டிப் போட்டி. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனும் மிஞ்சினார்கள். இவள் தவறினால் அவன் தவறினான். அவன் சரியென்றால் இவளும் சரி. பட்டியல் தீர்ந்தது. நடத்தியவர்கள் அகராதியைப் புரட்டிப் புதிதாகச் சொற்கள் பொறுக்கினார்கள். அவையும் தீர்ந்தன. 66 சுற்று ஆனபின், வீட்டுக்குப் போங்கள், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணச் சமையலில் பந்தி நடுவே சோறு தீர்ந்ததுபோல. மார்ச் மாதம் மறுபடி உட்கார்ந்து 95ஆம் சுற்றில் பையன் வென்றான். வென்ற சொல் டெஃபினிஷன். அத்தனை அருஞ்சொற்களைக் கடந்து வந்தவன் முன் கடைசியில் நின்றது, பிள்ளைகள் ஒவ்வொரு சுற்றிலும் மைக்கில் கேட்கும் அதே சொல்.

ஐந்து வருடம் கழித்து, 2019இல், தேசியப் போட்டிக்கும் இதே கதி. இருபது சுற்றுக்குப் பிறகும் எட்டுப் பேர் நிற்க, எட்டுப் பேரையும் வென்றவர்கள் என்று அறிவித்து, தலைக்கு 50,000 டாலர் கொடுத்து அனுப்பினார்கள். எட்டுச் சொற்களில் ஒன்று பூகன்வில்லியா. நம் ஊர்க் காகிதப்பூ.

அந்த எட்டுப் பேரில் ஏழு பேர் இந்திய வம்சாவளி. 1985இல் பாலு நடராஜன் 'மில்யு' என்ற சொல்லில் வென்று தொடங்கி வைத்த வரிசை அது. காரணம் மரபணு என்று ஒரு நண்பர் தொலைபேசியில் சொன்னார். மரபணு அல்ல, சனிக்கிழமை. நார்த் சவுத் ஃபவுண்டேஷன் என்று 1989இல் தொடங்கிய அமைப்பு, இந்தியாவில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் சேர்ப்பதற்காக, இங்குள்ள இந்தியப் பிள்ளைகளுக்கு ஊர் ஊராக இப்படிப் போட்டிகள் நடத்துகிறது. பெற்றோரே உரைப்பவர், பெற்றோரே நடுவர், பெற்றோரே சமோசா. பேத்தி நூலகத்து மேடையைப் பார்க்குமுன் அப்படி மூன்று மேடை பார்த்துவிட்டாள்.

இனி, காத்திருப்போரில் மிகக் கொடிய காத்திருப்பு யாருடையது என்ற வினா. மேடையில் உள்ளவர்க்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. கூடத்தில் உள்ளவர்க்கு மூச்சு விடமட்டுமே உரிமை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாளின் உதடு ஒவ்வொரு எழுத்துக்கும் அசைந்தது; அடுத்தவர் பிள்ளைக்கும் அசைந்தது. அவர் கணவர் கணுக்காலால் எழுத்துக் கூட்டினார். மேல்முறையீடு உண்டு, ஆனால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த சொல் வரவேண்டிய முறைக்குள் நடுவரிடம் சென்றுவிடவேண்டும். அதற்காகவே நடைபாதை ஓரத்து நாற்காலி பிடித்து உட்காரும் தகப்பன்மார் உண்டென்று மாப்பிள்ளை சொன்னார். அவர் உட்கார்ந்திருந்ததும் நடைபாதை ஓரம்தான்.

நான் இவர்களைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தேன், எண் 12 எழுந்து வரும்வரை. செம்பட்டைத் தலை, முகமெல்லாம் புள்ளி. அவனுக்கு உரைத்த சொல் மலகடானி. எனக்கு ஒன்றும் தட்டவில்லை. பையன் பொருள் கேட்டான். மசாலா சேர்த்துப் பெரும்பாலும் கோழிச் சாற்றில் செய்யும் சூப் என்றார்கள். மொழி கேட்டான். டாமில் என்றார்கள்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். மிளகுத்தண்ணி! கூடத்தில் இருந்த இருநூறு பேரில் அந்தச் சொல்லை வயிற்றுப்போக்குக்கும் ஜலதோஷத்துக்கும் குடித்து வளர்ந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோழி எப்போது உள்ளே வந்தது? தண்ணியில் டபிள்யூ எங்கிருந்து வந்தது? மிளகின் ளகரம் போய் எல் வந்து நிற்கிறதே, மேல்முறையீடு எந்த நடுவரிடம்? வாய் திறந்தே விட்டது. மகள் என் முழங்கையைப் பிடித்தாள். "அப்பா, ப்ளீஸ்."

பையன் கண்ணை மூடி, எம், யூ, எல், எல், ஐ, ஜி, ஏ, டி, ஏ, டபிள்யூ, என், ஒய் என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான். மணி அடிக்கவில்லை. நான் மட்டும் கொஞ்சம் உரக்கக் கைதட்டிவிட்டேன்.

ஐந்தாவது சுற்றில் எண் 17க்கு 'சாக்ரிலீஜஸ்' வந்தது. பொருள் கேட்டாள், தெய்வத்துக்கு உரியதை அவமதிப்பது. மொழி கேட்டாள், லத்தீன். வாக்கியமும் கேட்டாள். அப்புறம் எஸ், ஏ, சி, ஆர் வரை நன்றாகப் போய், அடுத்து ஈ என்றாள். 'ரிலிஜன்' என்ற சொல் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள். ஒளிந்திருக்கவில்லை. அந்த லத்தீன் மூலச்சொல் கோயில் சொத்தைக் கொள்ளையடிப்பவனைக் குறித்தது. சிவன் சொத்து குலநாசம் என்பதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் தப்பியிருப்பாளோ என்னவோ. முன் வரிசை அம்மாளின் உதடு நின்றது. மணி அடித்தது. தேங்க் யூ என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

புறனடை

காரில் கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை வண்டியோட்டினார். மகள் சன்னல் வழியே பனியைப் பார்த்தாள். பேத்தி எண் அட்டையைக் கழற்றாமலே டோனட் தின்றுகொண்டிருந்தாள்.

"தாத்தா, அந்த சூப்பு. மிளகுத்தண்ணிக்கு எந்த ள?"

"பொது ளகரம் கண்ணு. குண்டு ள."

"சி ஃபார் சிக்கனே கிடையாதா அதுல?"

"கிடையவே கிடையாது."

அவள் விரலைத் துடைத்துக்கொண்டு, அட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். "இப்ப உங்க டர்ன். சாக்ரிலீஜஸ்."

"மறுபடி சொல்லும்மா."

சொன்னாள்.

"பொருள்?"

சொன்னாள்.

"பெயரா, வினையா?"

"அட்ஜெக்டிவ், தாத்தா."

"எந்த மொழியிலேர்ந்து வந்தது?" என்றேன். வீட்டுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.